நவஹோ நிலத்து யுரேனியக் கழிவு: நிதி ஒதுக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நாடாளுமன்ற இரு அவைகளின் நிதி ஒதுக்கீட்டுக் குழு உறுப்பினர்களுக்கும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஒன்பதாம் மண்டல அலுவலர்களுக்கும் வணக்கம்.

அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும், நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலமான நவஹோ நேஷன் மண்ணிலிருந்து 1944 முதல் 1986 வரை ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டியெடுக்கப்பட்டது. முதல் இருபது ஆண்டுகளில் அதை வாங்கியது கூட்டரசு, அணுகுண்டுக்காக வாங்கியது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் என்று முகமையின் பட்டியலில் இருப்பவை 523. வழக்குத் தீர்வுகளும் ஒப்பந்தங்களும் சேர்ந்து 170 கோடி டாலருக்கு மேல் வழி செய்திருக்கின்றன. அந்தப் பணத்தைக் கொண்டு 230 சுரங்கங்களை ஆராய்ந்து சுத்தம் செய்யத் தொடங்கலாம். மீதி 293. அவற்றை வெட்டியவர்களில் பலர் திவாலானார்கள், பலர் தடம் தெரியாமல் போனார்கள். வழக்குப் போட ஆள் இல்லாத இடத்தில் பணம் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

இந்த மடலை எழுதும் நாங்கள் மண் மாசு அளவீடு, ஆய்வகப் பகுப்பாய்வு, நில மீட்பு ஆகிய வேலைகளில் இருப்பவர்கள். எவ்வளவு பணம் என்பதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். பணம் எந்த வடிவில் வருகிறது என்பதைப் பற்றித்தான் நாங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு துண்டு துண்டாக, சுரங்கம் சுரங்கமாக, கழிவின் மேல் மண்மூடி போட்ட நாளோடு நின்றுவிடும் பணத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. ஏன் முடியாது என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறோம்.

முதலில் அளவீடு. காமாக் கதிரைப் பிடிக்கும் சோடியம் அயோடைடு உணரியை ஜிபிஎஸ் கருவியோடு இணைத்து, தரையிலிருந்து அரை மீட்டருக்குள் பிடித்துக்கொண்டு, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நடந்து காமா வரைபடம் எடுப்பார்கள். அந்த உணரி நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்றுதான் சொல்லும். ஒரு கிராம் மண்ணில் யுரேனியத்தின் வழிவந்த ரேடியம்-226 எவ்வளவு என்று சொல்லாது. இரண்டையும் பொருத்திப் பார்க்க அதே இடங்களில் மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் மண்ணைக் காயவைத்து, அரைத்து, டப்பாவில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் வைத்திருப்பார்கள். ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயுவின் அரை ஆயுள் 3.8 நாள். 21 நாள் என்பது ஐந்தரை அரை ஆயுள். அதற்குள் ரேடானும் அதன் வழிவந்த பிஸ்மத்-214-உம் ரேடியத்தோடு சமநிலைக்கு வந்துவிடும். அந்த பிஸ்மத்தின் காமாக் கதிரை எண்ணித்தான் ரேடியத்தின் அளவைக் கணிக்கிறார்கள். அவசரம் என்று பத்து நாளில் டப்பாவை எண்ணினால் ரேடியம் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். நிதியாண்டு முடிவதற்குள் அறிக்கை வேண்டும் என்ற நெருக்கடி வரும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த 21 நாள்தான்.

அடுத்த சிக்கல், பின்னணி அளவு. நவஹோ நிலத்தில் தாது கிடைத்தது மாரிசன், சின்லி போன்ற பாறை அடுக்குகளில். அந்தப் பாறைகளில் யுரேனியம் இயல்பாகவே உண்டு. இயற்கையாக இருப்பது எது, சுரங்கம் வெளியே தள்ளியது எது என்று பிரிக்க, அதே பாறை அடுக்கில், சுரங்கத்தின் காற்றுத் திசைக்கும் ஓடைப் போக்குக்கும் எதிர்ப்பக்கத்தில், மனிதக் கை படாத ஓர் இடத்தை ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே சுரங்கத் தளத்தில் மூன்று வகைப் பாறை இருந்தால் மூன்று ஒப்பீட்டு இடங்கள் வேண்டும். செலவைக் குறைக்க ஒன்றை மட்டும் எடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: யாரும் தொடாத மலைச்சரிவைச் சுரண்டி எடுப்போம், அல்லது கழிவை ‘இயற்கை’ என்று பெயரிட்டு விட்டுவருவோம். இரண்டாவதைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். பட்ஜெட் கையைக் கடிக்கும்போது எல்லாச் சந்தேகமும் அந்தப் பக்கமே சாயும்.

மண் எவ்வளவு என்ற கணக்கில்தான் பணம் அதிகம் தவறிப்போகிறது. காமா உணரி பெரும்பாலும் மேலே உள்ள 15 முதல் 30 சென்டிமீட்டர் மண்ணைத்தான் பார்க்கும். சுரங்க வாயிலிலிருந்து கீழே கொட்டிய கழிவு பாறை இடுக்குகளில் இறங்கியிருக்கும். ஓடைகள் அதை இழுத்துப்போய் வளைவுகளில் படியவைத்திருக்கும். அரிசோனாவின் கேமரன் வட்டாரத்தில் காற்று அதன் மேல் மணலை மூடியிருக்கும். வரைபடத்தில் சுத்தமாகத் தெரியும் இடத்தில் தோண்டினால் ஒரு மீட்டர் கீழே கழிவு இருக்கும். 10 ஹெக்டேர் பரப்பில் கணித்ததை விட 30 சென்டிமீட்டர் ஆழம் கூடினால் 30,000 கன மீட்டர் மண் கூடுகிறது. வெட்டிய மண் உப்பும். கால் பங்கு உப்புவதாக வைத்தால் 37,500 கன மீட்டர். 15 கன மீட்டர் பிடிக்கும் டிப்பரில் அது 2,500 நடை. மொத்தத் தொகைக்கு ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரர் இந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டுத் திருத்தம் கேட்பார். அந்த ஆண்டின் பணம் அதற்குள் தீர்ந்திருக்கும். பாதி வெட்டிய குழி மழைக்குத் திறந்து கிடக்கும்.

இதைத் தவிர்ப்பது கடினமில்லை. அளவீட்டுக் கட்டத்திலேயே சோதனைக் குழிகளும், துளைக்குள் உணரியை இறக்கிப் பார்க்கும் அளவீடும் சேர வேண்டும். ஒப்பந்தம் கன மீட்டர் விலையில் இருக்க வேண்டும். மண் கூடினால் எடுக்க ஒதுக்கீட்டில் கைக்காப்புப் பணம் இருக்க வேண்டும்; முதற்கட்டக் கணிப்பு மட்டுமே உள்ள தளத்தில் பாதிக்குப் பாதி வைத்தாலும் மிகையில்லை என்பது எங்கள் கருத்து. இந்த மூன்றுக்கும் முன்கூட்டியே பணம் வேண்டும். முன்கூட்டியே வராததால்தான் பின்னால் இரட்டிப்பாகக் கொடுக்கிறோம்.

பருவத்தைப் பற்றி ஒரு பத்தி. உங்கள் நிதியாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் தொடங்குகிறது. பட்ஜெட் உரிய நேரத்தில் நிறைவேறாத ஆண்டுகளில் இடைக்கால ஏற்பாட்டில்தான் பணம் ஓடும். அதில் புதிய வேலையைத் தொடங்க முடியாது. பணம் மார்ச்சில் கைக்கு வந்தால், டெண்டர் முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தாக ஆகஸ்ட் ஆகிவிடும். இயந்திரங்கள் தளத்துக்கு வந்து சேர அக்டோபர். நியூ மெக்சிகோவின் சர்ச் ராக், அரிசோனாவின் லுக்காசுக்காய் மலைப் பகுதிகள் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவை. நவம்பருக்குப் பிறகு பனியும் சேறும். வசந்தத்தில் காற்று அடிக்கும். கழிவு மண்ணைக் கிளறினால் தூசு பறக்கும், அந்த நாட்களில் வேலையை நிறுத்தத்தான் வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் மழையும் ஓடை வெள்ளமும். நிம்மதியாக மண் வெட்டக் கிடைப்பது மே கடைசியிலிருந்து ஜூன் வரை, பிறகு செப்டம்பர் பாதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. இதற்கிடையே கழுகுகள் கூடு கட்டும் காலத்தில் சில பாறை முகடுகளை நெருங்கக் கூடாது. தொல்லியல் ஆய்வும், டினே மக்கள் (நவஹோ மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர்) மருந்துக்கும் சடங்குக்கும் எடுக்கும் செடிகள் எங்கே இருக்கின்றன என்ற கணக்கெடுப்பும் மண்ணைத் தொடுவதற்கு முன் முடிய வேண்டும். செடிகளை அவை முளைத்திருக்கும் காலத்தில்தான் கணக்கெடுக்க முடியும். ஓராண்டுப் பணம் இந்த நாட்காட்டியில் எங்கும் பொருந்தாது. காலாவதியாகாத பணம் பொருந்தும்.

வெட்டிய மண் எங்கே போகும்? எல்லாத் தாமதமும் இந்தக் கேள்வியில்தான் முடிச்சிட்டுக் கிடக்கிறது. வடகிழக்குச் சர்ச் ராக் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏறத்தாழ 10 லட்சம் கன கெஜம், அதாவது 7.65 லட்சம் கன மீட்டர் கழிவு. ஒரு கிராமுக்கு 2.24 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) ரேடியம் என்ற அளவுக்குச் சுத்தம் செய்வது, பெரும்பகுதியைப் பக்கத்திலிருக்கும் பழைய யுரேனிய ஆலைக் கழிவின் மேல் அடுக்குவது, 200 பிகோகியூரிக்கு மேல் உள்ளதைத் தனியே பிரித்து வெளியே அனுப்புவது என்று 2011-இல் முடிவானது. அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அதற்கான உரிமத் திருத்தத்தைக் கொடுத்தது 2023-இல். பன்னிரண்டு ஆண்டு. அந்தக் கழிவின் அருகே குடியிருக்கும் குடும்பங்களின் பக்கம் நின்று அந்தப் பன்னிரண்டு ஆண்டை எண்ணிப் பாருங்கள். 2011-இல் பிறந்த குழந்தை உரிமம் வந்தபோது ஏழாம் வகுப்புக்குப் போகிற வயது.

அதே வட்டாரத்தில் குவிவிரா சுரங்கத்துக்கு 2025 ஜனவரியில் வேறு வழி முடிவானது: கழிவை நவஹோ நிலத்துக்கு வெளியே, தொரோ ஊரை ஒட்டிய ரெட் ராக்ஸ் குப்பைக்கிடங்கு வளாகத்தில் தனி அறை கட்டி வைப்பது. கழிவு தங்கள் நிலத்தை விட்டுப் போக வேண்டும் என்பது டினே மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. அந்த வகையில் இது முன்னேற்றம். இங்கே பணம் இருக்கிறது, ஏனென்றால் கெர்-மெகீ நிறுவனத்தின் பழைய சுரங்கங்களுக்காக 2015-இல் நடைமுறைக்கு வந்த, அதிலிருந்து பிரிந்த டிரோனாக்ஸ் நிறுவனத்தின் வழக்குத் தீர்வு ஏறத்தாழ 100 கோடி டாலரை ஐம்பது சுரங்கங்களுக்கு ஒதுக்கியது. பொறுப்பேற்கும் நிறுவனம் இல்லாத சுரங்கங்களுக்கு அப்படி ஓர் அறை கட்ட எந்தக் கணக்கிலும் பணம் இல்லை. சிறிய சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ‘தளத்திலேயே மூடிவைப்பது மலிவு’ என்று அறிக்கை வந்தால் அதற்குக் காரணம் இதுதான். தனித்தனியாகப் பார்த்தால் அது மலிவுதான். நூறு இடங்களில் நூறு மூடிகளை என்றென்றும் பராமரிக்கும் செலவைச் சேர்த்துப் பார்த்தால் மலிவா என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

யூட்டாவின் ஒயிட் மெசா யுரேனிய ஆலைக்கு அனுப்பலாமே என்ற யோசனை அடிக்கடி வருகிறது. அந்த ஆலையை ஒட்டி யூட் மவுண்டன் யூட் மக்களின் ஊர் இருக்கிறது. அவர்கள் அந்த ஆலையைப் பல ஆண்டுகளாக எதிர்க்கிறார்கள். ஒரு பழங்குடியின் வாசலில் இருப்பதை இன்னொரு பழங்குடியின் வாசலில் கொட்டுவதற்குப் பணம் ஒதுக்காதீர்கள்.

எந்த இடமானாலும் அடிமண்ணைப் பார்க்க வேண்டும். 1979 ஜூலை 16 அன்று சர்ச் ராக் ஆலையின் கழிவுக்குளக் கரை உடைந்து 9.4 கோடி காலன் அமிலக் கழிவுநீரும் 1,100 டன் திடக்கழிவும் புவெர்கோ ஆற்றில் கலந்தன. கரைக்கு அடியிலிருந்த மண் சீரற்று அமிழ்ந்ததும், அதனால் கரையில் விழுந்த விரிசலும்தான் காரணம். இப்பகுதி வண்டல் மண் நனைந்தால் இறங்கும் தன்மை உடையது. எனவே கழிவு அறை கட்டும் இடத்தில் துளையிட்டு மண் பரிசோதனை செய்யும் செலவை யாரும் குறைக்கக் கூடாது.

மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வழக்கப்படி அழுத்திய களிமண் அடுக்கு, அதன் மேல் பாறைக்கல். இந்த வறண்ட நிலத்தில் களிமண் காய்ந்து வெடிக்கும். பாறைக்கல் அடுக்கு மழைநீரை ஆவியாக விடாமல் பிடித்துவைக்கும். அந்த ஈரத்தைத் தேடி ஆழ வேர்விடும் புதர்கள் முளைத்து, வேர் களிமண்ணைத் துளைக்கும். இங்கே சரியாக வருவது, ஒரு மீட்டரோ அதற்கும் கூடுதலோ தடிமனுள்ள நல்ல மண்ணைத் தளர்வாகப் பரப்பி, மேல்மண்ணில் சரளை கலந்து, ப்ளூ கிராமா போன்ற உள்ளூர்ப் புல்லை வளர்த்து, பெய்யும் மழையைப் புல்லே உறிஞ்சி வெளியேற்றும்படி விடுவது. அழுத்தி இறுக்கினால் புல் வராது. ரோலர் ஓட்டிப் பழகிய ஒப்பந்தக்காரர்கள் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். விதையை ஜூன் இறுதிக்குள், மழைக்கு முன் போட வேண்டும். புல் பிடிக்கும் வரை, குறைந்தது மூன்று பருவம், வேலி கட்டி ஆடுகளை உள்ளே விடாமல் வைக்க வேண்டும். ஆடு அங்கே ஒரு குடும்பத்தின் வாழ்வு. மேய்ச்சல் உரிமை வைத்திருப்பவர் மூன்று ஆண்டு தீவனம் வாங்கும் செலவு திட்டச் செலவிலேயே சேர வேண்டும். சேர்க்காத இடத்தில் வேலி அறுபடும்; அதற்கு அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பிறகு பராமரிப்பு. ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஆலைக் கழிவுகளுக்கு நீங்களே 1978-இல் இயற்றிய சட்டத்தின் கீழ் வந்த விதி, மூடி கூடியவரை 1,000 ஆண்டும் எப்படியும் 200 ஆண்டும் தாங்க வேண்டும் என்கிறது. ஷிப்ராக், டியூபா சிட்டி, மெக்சிகன் ஹாட் ஆகிய ஊர்களில் உள்ள ஆலைக் கழிவு மேடுகளை எரிசக்தித் துறை நிலையான கடமையாகப் பார்த்துக்கொள்கிறது. கைவிட்ட சுரங்கங்களின் மூடிகளுக்கு அப்படி ஒரு காவலாளி சட்டத்தில் இல்லை. அபாயக் கழிவுத் தளங்களைச் சுத்தம் செய்வதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் மாநிலங்களிடம் கேட்கும் செலவுப் பங்கையும் பிற்காலப் பராமரிப்பு உறுதியையும் பழங்குடி நிலத்தில் கேட்பதில்லை. அது நியாயமான விலக்கு. ஆனால் அந்தச் செலவை வேறு யார் ஏற்பது என்பதைத் தளத்துக்குத் தளம் புதிதாகப் பேச வேண்டியிருக்கிறது. கணக்கு எளியது: ஒரு கழிவு அறையைச் சுற்றிப் பார்த்து, அரிப்பைச் சரிசெய்து, நிலத்தடி நீரைச் சோதிக்க ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் ஆகும் என்று வைப்போம். பணவீக்கம் போக 2 சதவீதம் வருமானம் வரும் வைப்புநிதி என்றால் 50 லட்சம் டாலரை முதல் நாளே ஒதுக்கி வைக்க வேண்டும். மண் வெட்டும் பணத்தோடு இதையும் சேர்த்து ஒதுக்காத திட்டம் முழுத் திட்டம் இல்லை.

தண்ணீர். முகமை சோதித்த ஊற்றுகளிலும் கிணறுகளிலும் 29 குடிநீர் வரம்பைத் தாண்டின. யுரேனியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். ஆர்சனிக்குக்கு 10, பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ‘கால்நடைக்கு மட்டும்’ என்று காற்றாலைத் தொட்டியில் எழுதிவைத்தால் போதாது; வீட்டுக்குக் குழாய் இல்லாதவர் பத்து மைல் லாரி ஓட்டித் தண்ணீர் பிடிக்கும் நாளில் அருகிலிருக்கும் தொட்டியைத்தான் நாடுவார். வீட்டுக்கு வீடு வடிகட்டி கொடுப்பதும் தீர்வாகாது. யுரேனியத்தைப் பிடித்துவைத்த வடிகட்டியே கதிரியக்கக் கழிவாகிவிடும். அதைத் திரும்ப எடுத்துப்போக யாரும் வருவதில்லை. குழாய்ப் பாதையை நீட்டுங்கள். தூசு அடக்கத் தண்ணீர் லாரி ஓட வேண்டிய தளத்தில் எப்படியும் தண்ணீருக்கு வழி செய்தாக வேண்டும். அந்தக் குழாயை வேலை முடிந்ததும் ஊருக்கே விட்டுவிடும்படி முதலிலேயே திட்டமிடலாம். சாலைக்கும் இதே கதைதான். பள்ளிப் பேருந்து போகும் மண் சாலையில் 2,500 நடை டிப்பர் ஓட்டிவிட்டு, குழியோடு விட்டுவிட்டு வரக் கூடாது. முதல் டிப்பருக்கு முன்பே சரளையும் பாலக்குழாயும் போடப் பணம் வேண்டும்.

வேலை செய்யும் ஆட்கள் அந்தந்தச் சாப்டர்களிலிருந்தே (நவஹோ நேஷனின் உள்ளாட்சிப் பிரிவுகள்) வர வேண்டும். நாற்பது மணிநேர அபாயக் கழிவுப் பயிற்சி முடித்து, உணரியைக் கையாளவும் பதிவேடு எழுதவும் பழகிய ஒருவர் தேர்ந்த கதிரியக்கத் தொழில்நுட்பராக இரண்டு பருவமாவது ஆகும். ஓராண்டுப் பணம் முடிந்ததும் அவர் ஊரைவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். அடுத்த ஆண்டு புதியவரைப் பழக்க வேண்டும். நவஹோ நேஷனின் சொந்தச் சுற்றுச்சூழல் முகமையில் அறிக்கைகளைச் சரிபார்க்கும் ஆட்களுக்கும் இதே நிலைதான். ஒப்பந்தக்காரரின் எண்ணை எதிர்த்துக் கேட்க அவர்களுக்கு நிலையான சம்பளம் வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கும் வேண்டும். யுரேனியத்தை டினே மொழியில் ‘லீட்சோ’, மஞ்சள் மண், என்பார்கள். ‘பின்னணி அளவு’, ‘ஆபத்து மதிப்பீடு’ என்பதற்கெல்லாம் முதியவர்களுக்குப் புரியும் சொல்லை அவர்களோடு உட்கார்ந்து உருவாக்க நாளாகும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முந்திய வாரம் ஆளைத் தேடினால் கிடைக்காது.

இனி கேட்பது. பொறுப்பேற்க நிறுவனமில்லாத 293 சுரங்கங்களுக்கும் செலவிடும் வரை காலாவதியாகாத ஒரே நிதியை உருவாக்குங்கள். அதைச் சுரங்கக் கணக்கில் பிரிக்காமல் ஓடைப்படுகைக் கணக்கில் செலவிட அனுமதியுங்கள். 2024 மார்ச்சில் லுக்காசுக்காய் மலைச் சுரங்க வட்டாரம் முழுவதையும் ஒரே தளமாகச் சூப்பர்ஃபண்டின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது இதற்கு நல்ல முன்மாதிரி. மேலே உள்ள குவியலை விட்டுக் கீழே உள்ள முற்றத்தைச் சுத்தம் செய்தால் அடுத்த மழையில் மறுபடி வரும். முதல் இரண்டு ஆண்டுப் பணத்தை அளவீட்டுக்கும், நவஹோ நிலத்துக்கு வெளியே கழிவு அறைகளுக்கு இடம் பிடிப்பதற்கும், சாலைக்கும் தண்ணீருக்கும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தளத்தின் ஒதுக்கீட்டோடும் பராமரிப்பு வைப்புநிதி சேரட்டும்; அதை நிர்வகிக்கும் பொறுப்பில் நவஹோ நேஷனுக்குப் பங்கு இருக்கட்டும்.

இவ்வளவு பணத்துக்கு அரசு ஏன் பொறுப்பு என்று குழுவில் யாராவது கேட்டால், கேமரன் பகுதியின் 19 சுரங்கங்கள் குறித்த வழக்கில் அரிசோனா கூட்டரசு நீதிமன்றம் 2019-இல் கொடுத்த பதிலைக் காட்டுங்கள். அங்கே பொறுப்பேற்க நிறுவனம் இருந்தும், சுத்தம் செய்யும் செலவில் 35 சதவீதம் அரசுடையது என்றது தீர்ப்பு. நிறுவனம் இல்லாத இடத்தில் மீதி 65 சதவீதத்தை யார் தருவார்? அந்த நிலத்துக்கு அறங்காவலர் என்று சட்டம் சொல்வதும் உங்கள் அரசைத்தான்.

நவஹோ நிலத்து யுரேனியக் கழிவுக்கான கூட்டரசின் 2020 முதல் 2029 வரையிலான பத்தாண்டுத் திட்டம் இப்போது நடப்பில் இருக்கிறது. 2014-இலேயே அரசின் தணிக்கை அலுவலகம் முழு வேலைக்கும் எவ்வளவு பணம், எவ்வளவு காலம் ஆகும் என்ற மதிப்பீட்டைக் கேட்டது. அந்த மதிப்பீட்டை, 293 சுரங்கங்களுக்கும் படுகை படுகையாகப் பிரித்து, பராமரிப்புச் செலவையும் கூட்டி, அடுத்த நிதிக் கோரிக்கையோடு வெளியிடும்படி முகமையைப் பணியுங்கள். ஆங்கிலத்தோடு டினே மொழியிலும் அது வரட்டும். 110 சாப்டர் அலுவலகங்களிலும் படிக்கக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மண் மாசு அளவீட்டிலும் நில மீட்பிலும் பணியாற்றும் தமிழ்ப் பொறியாளர்களும் ஆய்வகப் பணியாளர்களும்